பக்கவாதத்திலிருந்து மீளுதல்: எவ்வளவு தூரம் கணிக்க முடியும்?

பக்கவாதத்தில் உயிர்பிழைத்து வீடு திரும்பியவர், மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு வந்து பயிற்சி பெற்றுச் செல்லும் காலமே அந்த நோயின் மிக நீண்ட காலம். அவசர சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உள்நோயாளராகப் படுக்கையில் இருக்கும் காலம் சில நாள்களிலோ வாரங்களிலோ முடிந்துவிடும். புறநோயாளராக வந்துபோகும் காலமோ மாதங்களாகவும், சிலருக்கு ஆண்டுகளாகவும் நீளும். அந்தக் காலம் முழுவதும் நோயாளியும் அவருடைய குடும்பத்தினரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கையும் காலும் இன்னும் எவ்வளவு தேறும்? நெடுங்காலம் இதற்கு மருத்துவரின் அனுபவமே விடையாக இருந்தது. கடந்த 20 ஆண்டுகளில் அந்த அனுபவத்தோடு அளவுகோல்களும், நரம்புப் பாதையைச் சோதிக்கும் கருவிகளும், நூற்றுக்கணக்கான நோயாளிகளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளும் சேர்ந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. ‘தேறிவிடுவார்’ என்ற கணிப்பு பெரும்பாலும் பலிக்கிறது. ‘தேறமாட்டார்’ என்ற கணிப்பு அந்த அளவுக்கு நம்பத்தக்கதாக இல்லை. ஆனால் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு இந்த இரண்டாம் வகைக் கணிப்பையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதால், இந்த அறிவியலின் வலுவையும் வரம்பையும் பொதுமக்களும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

தேறுதல் என்ற சொல்லுக்குள்ளேயே வெவ்வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. வலது கை செயலிழந்த ஒருவர் அந்தக் கையின் விரல்களை மறுபடி விரிக்கவும் மடக்கவும் முடிந்தால் அது ஒரு வகைத் தேறுதல். வலது கை அப்படியே இருக்க, இடது கையால் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டால் அது இன்னொரு வகைத் தேறுதல். முன்னது இழந்த இயக்கம் திரும்புவது என்பதால் மீட்சி எனப்படும். பின்னது இழப்பை வேறு வழியில் நிரப்பிக்கொள்வது என்பதால் ஈடுசெய்தல் எனப்படும். அன்றாட வாழ்வுக்கு இரண்டும் பயன் தருபவையே. ஆயினும் கணிப்பு என்று வரும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் விடை குழம்பிவிடும், ஏனெனில் மீட்சியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூளையில் எஞ்சியிருக்கும் நரம்புப் பாதை. ஈடுசெய்தலைத் தீர்மானிப்பவையோ பயிற்சி, ஊக்கம், நினைவாற்றல், வீட்டின் அமைப்பு, துணை நிற்பவர் எனப் பலவாக விரிகின்றன.

அளவுகோல்களும் இந்த வேறுபாட்டை ஒட்டியே பிரிந்திருக்கின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்ஸல் ஃபூகல்-மேயரும் அவருடைய குழுவினரும் 1975-இல் வெளியிட்ட மதிப்பீடு, உறுப்பின் இயக்கத்தையே நேரடியாக அளக்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகியவற்றின் ஒவ்வோர் அசைவுக்கும் 0, 1, 2 எனப் புள்ளிகள் தந்து, கைக்கு மொத்தம் 66, காலுக்கு மொத்தம் 34 எனக் கணக்கிடுகிறது. 1965-இல் வெளிவந்த பார்த்தெல் அளவுகோலோ உண்பது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது போன்ற பத்துச் செயல்களில் ஒருவர் பிறர் உதவியின்றி எவ்வளவு இயங்குகிறார் என்று 100-க்கு மதிப்பிடுகிறது. எந்தக் கையால் செய்கிறார் என்பதை அது கேட்பதில்லை. புறநோயாளர் பிரிவில் இவ்விரண்டையும்விட எளிதாகவும், பல வேளைகளில் அதிகப் பயனோடும் விளங்குவது நடைவேகம். வினாடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைவாக நடப்பவர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடமாடுபவராகவும், 0.4-க்கும் 0.8-க்கும் இடைப்பட்டவர் வெளியிடங்களில் ஓரளவு நடமாடக்கூடியவராகவும், 0.8-ஐத் தாண்டியவர் தடையின்றி வெளியே சென்றுவரக்கூடியவராகவும் இருப்பதை, அமெரிக்காவில் ஜாக்குலின் பெர்ரியின் குழு 1995-இல் காட்டியது. பத்து மீட்டர் தூரத்தை 25 வினாடிகளில் கடப்பவருக்கும் பன்னிரண்டரை வினாடிகளில் கடப்பவருக்கும் இடையே இருப்பது, வாசற்படிக்கும் தெருமுனைக் கடைக்கும் இடையே உள்ள வேறுபாடு.

இனி, உடல் மீள்வது எவ்வாறு என்பதைப் பார்க்கலாம். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடும்போதோ வெடிக்கும்போதோ ஒரு பகுதி நரம்பணுக்கள் மடிந்துபோகின்றன. அவற்றைச் சுற்றி, இறந்துபோகாமலும் வேலை செய்யாமலும் திகைத்து நிற்கும் பகுதி ஒன்று இருக்கும். வீக்கம் வடிந்து இரத்த ஓட்டம் சீரானதும் அது விழித்துக்கொள்ளக்கூடும். சேதமான இடத்தோடு இணைப்பு இருந்த காரணத்தால் தொலைவில் உள்ள நலமான பகுதிகளும் தற்காலிகமாக ஓய்ந்துபோகலாம் என்பதை, கான்ஸ்டன்டின் ஃபான் மொனாக்கோவ் 1914-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். இந்த ஓய்வு நீங்குவதும், எஞ்சிய நரம்பணுக்கள் புதிய கிளைகளை நீட்டி இணைப்புகளை மாற்றியமைத்துக்கொள்வதும் முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் மிகத் தீவிரமாக நடைபெறுகின்றன. டென்மார்க்கின் தலைநகரில் ஏறத்தாழ 1,200 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1995-இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வு, அன்றாடச் செயல்களில் எட்டக்கூடிய உச்ச நிலையை 95 சதவீதத்தினர் பன்னிரண்டரை வாரங்களுக்குள் எட்டிவிட்டதைக் கண்டது. இலேசான பாதிப்புக்கு எட்டரை வாரமும், மிகக் கடுமையான பாதிப்புக்கு 20 வாரமும் ஆயின.

‘மூன்று மாதத்துக்குள் வந்ததுதான் வரவு’ என்ற கருத்து மருத்துவ உலகில் வேரூன்றியதற்கு இத்தகைய முடிவுகளே ஆதாரமாயின. ஆனால் பார்த்தெல் அளவுகோலில் உச்சத்தை எட்டிய ஒருவருடைய நடைவேகமோ விரல் திறமையோ அதற்குப் பிறகும் கூடலாம். அதைக் காட்ட அந்த அளவுகோலில் இடமில்லை. தராசுத் தட்டு தரையைத் தொட்டுவிட்டால் மேலும் எடை வைத்தாலும் முள் அசையாதது போன்ற நிலை இது.

முதல் நாள்களிலேயே முடிவைக் கணிக்க முடியுமா என்பதை மிகத் தெளிவாக ஆராய்ந்தவர்கள் நெதர்லாந்து ஆய்வாளர்கள். கெர்ட் குவாக்கெலின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் இரண்டே அசைவுகள் சோதிக்கப்பட்டன: விரல்களைச் சற்றேனும் நீட்ட முடிகிறதா, தோளை விலாப்பக்கமாகச் சற்றேனும் உயர்த்த முடிகிறதா. இரண்டும் முடிந்தவர்கள் ஆறு மாத முடிவில் கையை ஓரளவாவது பயன்படுத்தும் நிலையை அடையும் வாய்ப்பு 98 சதவீதமாக இருந்தது. இரண்டும் முடியாதவர்களுக்கு அது 25 சதவீதம். அதே குழு மறு ஆண்டு நடையைப் பற்றிச் செய்த ஆய்வில், முதல் 72 மணி நேரத்துக்குள் சாய்மானமின்றி 30 வினாடி உட்கார முடிந்து, காலிலும் ஓரளவு வலு இருந்தவர்கள் ஆறு மாதத்தில் பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு 98 சதவீதம் என்றும், இரண்டும் இல்லாதவர்களுக்கு 27 சதவீதம் என்றும் தெரியவந்தது.

இந்த எண்களை மேலோட்டமாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. நல்ல அறிகுறி இருந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் விஷயத்தில் மட்டுமே கணிப்பு பொய்த்தது. அறிகுறி இல்லாதவர்களிலோ நால்வரில் ஒருவர் கணிப்பை மீறித் தேறினார். மேலும், அதே சோதனையை ஒன்பதாம் நாளில் திரும்பச் செய்தபோது, அப்போதும் எந்த அசைவும் இல்லாதவர்களின் வாய்ப்பு கைக்கு 14 சதவீதமாகவும் நடைக்கு 10 சதவீதமாகவும் குறைந்தது. நம்பிக்கை தரும் விடை மூன்றாம் நாளிலேயே கிடைத்துவிடுகிறது. நம்பிக்கையைக் குறைக்கும் விடை உறுதிப்படவோ நாள்கள் தேவைப்படுகின்றன.

அசைவே இல்லாத கைகளில் மீளக்கூடியது எது என்பதைப் பிரித்தறிய, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. பெருமூளையின் இயக்கப் புறணியிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, தண்டுவடத்தில் இறங்கிக் கைகால்களின் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைச் சென்றடைகின்றன. விரல்களின் நுட்பமான அசைவு இந்தப் பாதையையே நம்பியிருக்கிறது. பாதை அடியோடு அறுந்துவிட்டதா, இருந்தும் ஓய்ந்து கிடக்கிறதா என்பதை வெறும் பார்வையால் சொல்ல முடியாது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கர் உருவாக்கிக் காட்டிய காந்தத் தூண்டல் முறை இதற்குத் துணைசெய்கிறது: தலைக்கு மேலே பிடிக்கும் கம்பிச்சுருளில் ஒரு கணம் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை எழுப்ப, அது மண்டையோட்டை ஊடுருவி இயக்கப் புறணியைத் தூண்ட, பாதை உயிரோடிருந்தால் மணிக்கட்டுத் தசையில் ஒரு சிறு மின்னலை பதிவாகும். நோயாளியால் அசைக்க முடியாத கையிலும் இந்த மின்னலை தோன்றக்கூடும். தோன்றினால், அந்தக் கைக்கு எதிர்காலம் உண்டு.

இந்தச் சோதனையை எளிய சோதனைகளோடு படிப்படியாகக் கோத்து, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கேத்தி ஸ்டினியரின் குழு 2012-இல் ஒரு கணிப்பு முறையை உருவாக்கி, 207 நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு 2017-இல் அதைச் செம்மைப்படுத்தியது. பிரெப்-2 என்பது அதன் பெயர். மூன்றாம் நாளில் தோள் உயர்த்தலுக்கும் விரல் நீட்டலுக்கும் தலா ஐந்து என மொத்தம் பத்துப் புள்ளிகளுக்கு வலு மதிப்பிடப்படுகிறது. ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் வேறு கருவி வேண்டியதில்லை. வலுவும் வயதும் சேர்ந்து கணிப்பைத் தந்துவிடும். ஐந்துக்குக் குறைந்தால் மட்டுமே காந்தத் தூண்டல் தேவைப்படுகிறது. மின்னலை வந்தால் கை நன்கு மீளும் வாய்ப்புள்ளவர், வராவிட்டால் பாதிப்பின் மொத்தக் கடுமையைப் பொறுத்துச் சிறிதளவே மீளக்கூடியவர் அல்லது மீட்சி அரிதானவர் என நான்கு வகைகளுள் ஒன்றில் அவர் சேர்க்கப்படுகிறார். மூன்றாம் மாதத்தில் பார்க்கும்போது ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு இக்கணிப்பு சரியாக இருந்தது; இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பத்தில் எட்டுப் பேருக்குப் பொருந்தியே நின்றது. கணிப்பைச் சிகிச்சையாளர்களுக்குத் தெரிவித்து அதற்கேற்பப் பயிற்சியை அமைத்தபோது, கை மீட்சி குறையாமலே மருத்துவமனையில் தங்கும் காலம் சுமார் ஒரு வாரம் குறைந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. மறுபக்கத்தில், நால்வரில் ஒருவருக்கு அது தவறிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண்களின் மீது அளவுகடந்த நம்பிக்கை வைத்தால் என்ன நேரும் என்பதற்கு, இதே துறை ஒரு பாடத்தைக் கற்றது. 2008-இல் நியூயார்க்கில் ஷியாம் பிரபாகரனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு விதியை முன்வைத்தனர்: தொடக்கத்தில் ஒருவர் எத்தனை புள்ளிகளை இழந்திருக்கிறாரோ, அதில் சுமார் 70 சதவீதத்தை மூன்று மாதங்களில் மீட்டுக்கொள்கிறார். ஃபூகல்-மேயர் மதிப்பீட்டில் 36 எடுத்தவர் 30 புள்ளிகளை இழந்தவர். அவர் 21 புள்ளிகளைத் திரும்பப் பெற்று 57-ஐ எட்டுவார் என்பது விதியின் கணக்கு. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் இதற்கு விலக்கு எனப்பட்டது. பல நாடுகளின் ஆய்வுகளிலும் இதே எண் திரும்பத் திரும்பக் கிடைத்ததால், பயிற்சியால் மாற்ற முடியாத ஓர் உயிரியல் விதியே கண்டறியப்பட்டுவிட்டது என்று கருதியவர்களும் இருந்தனர்.

2019-இல் தாமஸ் ஹோப்பின் குழுவும், தனியாக மற்றொரு குழுவும் இந்த விதியின் புள்ளியியல் அடித்தளத்தையே கேள்விக்கு உட்படுத்தின. மாற்றம் என்பது இறுதிப் புள்ளியிலிருந்து தொடக்கப் புள்ளியைக் கழித்துப் பெறுவது. இழப்பு என்பது முழுப் புள்ளியிலிருந்து அதே தொடக்கப் புள்ளியைக் கழித்துப் பெறுவது. இரண்டிலும் ஒரே எண் ஒளிந்திருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டால் ஒட்டுறவு தெரிந்தே தீரும். தொடக்கப் புள்ளிகளையும் இறுதிப் புள்ளிகளையும், ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாமல், ஒரே அளவு ஏற்ற இறக்கம் கொண்டவையாகச் சோழி உருட்டி எழுதிவைத்தாலும், இழப்புக்கும் மாற்றத்துக்கும் இடையிலான ஒட்டுறவு 0.71 அளவுக்கு வந்துவிடும். தேறியவர்களின் இறுதிப் புள்ளிகள் 66-க்கு அருகில் நெருங்கிக் குவிவதால் உண்மைத் தரவுகளில் அது இன்னும் உயர்ந்து, ஏறக்குறைய பிழையற்ற விதி போலத் தோற்றமளிக்கும். தொடக்க நிலைக்கும் இறுதி நிலைக்கும் உறவே இல்லை என்பது இதன் பொருளன்று. உறவு உண்டு, ஆனால் விதி காட்டிய துல்லியம் அதற்கு இல்லை. விலக்கு எனப்பட்டவர்கள் யார் என்று முதல் வாரத்தில் சொல்ல முடியாத விதி, மிகவும் தேவைப்படும் நோயாளிக்கே உதவாமல் போயிற்று.

இவை எல்லாம் முதல் நாள்களில் செய்யப்படும் கணிப்புகள். புறநோயாளர் பிரிவுக்கு ஒருவர் வரும்போது நிலைமை வேறு. வீக்கம் வடிந்திருக்கும், இயல்பான மீட்சியின் செங்குத்தான பகுதி பெரும்பாலும் கடந்திருக்கும், சிலருக்குத் தசை இறுக்கமும் தோள்வலியும் தொடங்கியிருக்கும். இந்தக் கட்டத்தில் ஒருவர் எங்கே போய்ச் சேருவார் என்பதை வேறெந்தக் குறிப்பையும்விட, இப்போது எங்கே நிற்கிறார் என்பதே அதிகமாகச் சொல்கிறது. அதோடு, அண்மை வாரங்களில் எவ்வளவு விரைவாக முன்னேறிவருகிறார் என்பதும் சேர வேண்டும். ஆகவே இங்கே ஒருமுறை அளந்து சொல்லும் கணிப்பைவிட, சீரான இடைவெளியில் அளந்து வரையும் கோடே நம்பகமானது. அளவில் தெரியும் சிறு மாற்றமெல்லாம் முன்னேற்றம் ஆகிவிடாது. முதல் சில மாதங்களில் நடைவேகம் வினாடிக்கு 0.16 மீட்டர் அளவுக்காவது கூடினால்தான் அது வாழ்வில் உணரத்தக்க மாற்றமாகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது.

கணிப்பைப் பொய்யாக்கக்கூடிய இன்னொரு காரணி பயிற்சியின் அளவு. வட அமெரிக்காவில் கேத்தரின் லாங்கின் குழு சிகிச்சை அமர்வுகளை அருகிலிருந்து எண்ணிப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பயிற்சி அமர்வு ஒன்றில் பயனுள்ள செயலசைவுகள் சராசரியாக 32 முறை மட்டுமே நடைபெற்றன. மூளை மாற்றத்தை உண்டாக்கிய விலங்கு ஆய்வுகளிலோ ஒரு நாளைக்கு 400 முதல் 600 முறை வரை பயிற்சி தரப்பட்டிருந்தது. ‘பயிற்சி கொடுத்தும் தேறவில்லை’ என்று எழுதப்படும் குறிப்புகள் பலவற்றில், கொடுக்கப்பட்ட பயிற்சி எவ்வளவு என்ற விவரம் இல்லை. அதே சமயம் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும் என்பதும் இல்லை: நாள்பட்ட நிலையில் இருந்த 85 பேருக்கு ஆயிரக்கணக்கான அசைவுகளை வெவ்வேறு அளவுகளில் கொடுத்துப் பார்த்து அதே குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் செய்தவர்கள் அதிகம் தேறினார்கள் என்ற முடிவு கிடைக்கவில்லை.

காலமும் அளவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. 72 பேரைக் கொண்டு 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கூடுதல் கைப்பயிற்சியை வெவ்வேறு காலங்களில் தந்தது. இரண்டாம் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையே பெற்றவர்களுக்கே மிகுந்த பயன் கிடைத்தது, ஆறு மாதத்துக்குப் பின் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. பலர் புறநோயாளராகும் அந்த இரண்டாம், மூன்றாம் மாதங்களில் பயிற்சி தொய்வடைவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. ஆனால் லண்டனின் குயீன் ஸ்கொயரில் நிக் வார்டின் குழு, பாதிப்பேர் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனவர்களாக இருந்த 224 நோயாளிகளுக்கு மூன்று வாரங்களில் 90 மணி நேரப் பயிற்சி அளித்தபோது, கைத்திறன் உயர்ந்ததோடு ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது என்பதை மறக்கக் கூடாது. எனினும் 20 மணி நேரத்தில் அசையாத கோடு 90 மணி நேரத்தில் அசையக்கூடும் என்ற வாய்ப்பை அது திறந்து வைக்கிறது. நடையிலும் இத்தகைய செய்தியே கிடைக்கிறது: 408 பேர் பங்கேற்று 2011-இல் வெளியான லீப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வில், டிரெட்மில் பயிற்சியை இரண்டாம் மாதத்தில் தொடங்கியவர்களும், ஆறாம் மாதத்தில் தொடங்கியவர்களும், வீட்டிலேயே இயன்முறை மருத்துவரின் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களும் ஓராண்டு முடிவில் ஒரே அளவு முன்னேறியிருந்தனர்; மொத்தத்தில் 52 சதவீதத்தினரின் நடைத்திறன் மேல்நிலைக்கு உயர்ந்திருந்தது.

உடலுக்கு அப்பாற்பட்ட காரணிகளை இக்கணிப்புகள் போதிய அளவு உள்ளடக்குவதில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. அது கவனிக்கப்படாவிட்டால் பயிற்சிக்கு வருவதே நின்றுபோகும். வராமல் நின்றவரின் இறுதி அளவீடு தரவில் இடம்பெறாததால், புறநோயாளர் ஆய்வுகளின் முடிவுகள் தொடர்ந்து வந்தவர்களை மட்டுமே பிரதிபலிக்கும் அபாயம் உண்டு. கணினிவழிக் கற்றல் முறைகள் நூறு இருநூறு பேரின் தரவில் வியக்கத்தக்க துல்லியத்தைக் காட்டுவதாக வரும் செய்திகளையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்காத எந்த மாதிரியும் கணிப்புக் கருவி ஆகாது.

இந்தியச் சூழலில் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. சில நாள்களிலேயே வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிக்குப் புறநோயாளர் பிரிவே முதல் மறுவாழ்வுக் கூடமாக அமைந்துவிடுகிறது. அந்த இடைவெளியைக் குடும்பத்தினரே நிரப்ப முடியுமா என்று 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2017-இல் வெளியான அட்டெண்ட் ஆய்வு, உறவினர்களுக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுத்தந்து பார்த்தது. ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் இரு குழுக்களிலும் ஒரே அளவாக, 47 சதவீதமாகவே இருந்தனர். குடும்பத்தின் அன்பும் உழைப்பும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் இடத்தை நிரப்பிவிடும் என்று கருதிச் சேவைகளைக் குறைக்க இடமில்லை என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டிய முடிவு.

கணிப்பைச் சொல்லும் மருத்துவர், எந்தச் செயலைப் பற்றிச் சொல்கிறார், எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறார், எத்தனை பேரில் ஒருவருக்கு இது தவறக்கூடும் என்பவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விரல் அசைவு திரும்புவது அரிது என்று தெரிந்தால், மற்றக் கையால் வேலைகளைச் செய்யப் பழக்குவதும் தோள்வலி வராமல் காப்பதும் உடனே தொடங்கப்பட வேண்டும். அதற்காக நடைப்பயிற்சியையும் சேர்த்து நிறுத்துவது எந்த ஆய்வாலும் நியாயப்படுத்தப்படவில்லை. நோயாளியின் குடும்பத்தினர், புறநோயாளர் அட்டையில் இன்றைய நடைவேகத்தையும் கைப்புள்ளியையும் எழுதித் தரும்படியும், அவற்றை மறுபடி அளக்கும் தேதியை அதன் கீழேயே குறித்துத் தரும்படியும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.